நாலாவது காய்

தசரா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மகேஸ்வரி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. போகாதே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. மூங்கில் குச்சிக் கட்டும் கருப்பு மாவு உருண்டையும் உருட்டுப் பலகையும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான். அம்மா பாப்பம்மாளுக்கு ஆவணியில் கிரண் பிறந்திருந்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஊதுபத்தியும் உருட்ட ஒரு ஆளால் முடியாது. அப்பா சுப்பையா காலை ரயிலில் நஞ்சன்கூட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவார். ஏழாம் வகுப்பு பாதியில் நின்றது.

அக்ரஹாரத்துக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் எட்டுக் குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் அவர்களுடையது கடைசி. வாசலில் உட்கார்ந்து உருட்டினால் வெளிச்சம் நன்றாக வரும். இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தின் மணிச்சத்தமும் வரும். மகேஸ்வரி அந்தப் பக்கம் காதைக் கொடுக்காமல் எண்ணிக்கையில் மனதைக் கொடுத்தாள். அவள் இடது கைக்கு ஒரு தடவைக்கு ஏழு குச்சி அடங்கும். ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று வாய்க்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போவாள். பேசத்தான் அவளுக்கு வராது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல் என்றால் தொண்டை அடைத்துவிடும். அதே கணக்கை எழுதிக் காட்டு என்றால் அவள்தான் முதல் ஆள்.

லிங்கம்மா மிஸ் அந்த வருஷம்தான் கணக்குக்கு வந்திருந்தார். எங்கோ பயிற்சிக்குப் போய்ப் புது முறை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தவர். வாய்ப்பாட்டைக் கூட்டமாகக் கத்துவதை நிறுத்தினார். பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தார். திங்கட்கிழமை ஒவ்வொரு நாலு பேருக்கும் ஒரு சங்கதியைக் கொடுப்பார். தொட்டித் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், சுவருக்கு எத்தனை படி சுண்ணாம்பு வேண்டும், இப்படி. வெள்ளிக்கிழமைக்குள் அளந்தோ சண்டை போட்டோ விடையோடு வர வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆட்டம். வகுப்பறைத் தரையில் சௌக்காபாரா கட்டம் கீறியிருக்கும். நம் தாயக்கட்டம் போலத்தான். பக்கத்துக்கு ஐந்து கட்டம், நாலு திசையில் நாலு பேர், ஆளுக்கு நாலு காய், நாலு சோழி. வெளிச்சுற்றைச் சுற்றி, உள்சுற்றைச் சுற்றி, நடுக்கட்டத்துக்குள் போன காய் பழம். மிஸ் அதில் ஒன்றைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாக்பீஸால் ஒரு கணக்கு. காய் இறங்கிய கட்டத்தின் கணக்கை, மற்றவர்கள் பத்துத் தடவை கை தட்டி முடிப்பதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காய் வந்த இடத்துக்கே திரும்பும். மணி அடித்துவிட்டால் காய்கள் நின்ற இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை அங்கிருந்தே தொடங்குவார்கள். நாலு காயையும் முதலில் பழமாக்குகிறவருக்கு, மூடியில் பெயர் எழுதிய ஜாமெட்ரி பாக்ஸ்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய காயைச் சும்மா விடக் கூடாது. மற்றவர்கள் முறை போட்டுக்கொண்டு அவருக்காகச் சோழி போட வேண்டும். அவர் இருந்தால் எப்படி யோசிப்பாரோ அப்படியே யோசித்துக் காயை நகர்த்த வேண்டும். அடுத்தவர் தலைக்குள் போய் உட்கார்ந்து பார்ப்பதும் கணக்குதான் என்பார் மிஸ். மகேஸ்வரி சங்கராந்திக்குள் வந்துவிடுவாள் என்று நம்பி, ஹாஜரிப் புத்தகத்தில் அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார். அதனால் அவளுடைய காய்களும் தரையில் நின்றன. முறிந்த ஊதுபத்திக் குச்சியின் நாலு துண்டுகள், அவளே கொண்டுபோய் வைத்தவை.

இதையெல்லாம் சாயங்காலம் வந்து சொல்வது தீபா. அதே லைன் வீட்டில் மூன்றாவது கதவு. தீபா, மனிஷா, கவின்ராஜ், மகேஸ்வரி, இவர்கள்தான் ஒரு நாலு.

முதலில் மகேஸ்வரிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. தான் இங்கே மாவு உருட்டிக்கொண்டிருக்க, தன் காய் அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்பதில் ஒரு ஆறுதல்.

ஒரு திங்கட்கிழமை தீபா அந்த வாரத்துச் சங்கதியைச் சொன்னாள். மைதானத்தைச் சுற்றி இருநூறு காலடி. ஐந்து காலடிக்கு ஒரு மரக்கன்று. மொத்தம் எத்தனை கன்று? முந்தின வாரம் நேர்ச்சுவர் ஓரமாக நட்டபோது கடைசியில் ஒன்று கூட்ட வேண்டும் என்று கண்டுபிடித்திருந்ததால், இதற்கும் நாற்பத்தொன்றுதான் என்று மூன்று பேரும் முடிவு செய்துவிட்டார்களாம்.  தீபா போன பிறகு மகேஸ்வரி உருட்டிக்கொண்டே யோசித்தாள். அம்மாவின் கருகமணி ஆடியில் அறுந்துபோனது. அறுந்ததை வெளியே காட்டக் கூடாது என்று அம்மா அதைத் துணியில் முடிந்து அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். அறுந்து நீளமாகக் கிடந்தபோது இந்த முனையிலும் மணி, அந்த முனையிலும் மணி. சேர்த்துக் கட்டினால் இரண்டு முனையும் ஒரே இடம், ஒரு மணி போதும். மைதானமும் சுற்றி வந்து சேருகிறது. அப்படியானால் நாற்பதுதான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

வெள்ளிக்கிழமை தீபா ஓடி வந்தாள். "ஏ மகி, உன் விடைதான் சரியாம்டி கணே. மிஸ் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க."

"என் விடையா? நான் எதுவும் சொல்லலையே."

"உன் முறைக்கு நான்தான் எழுதினேன். நாற்பத்தொண்ணுன்னுதான் எழுதப் போனேன். கை நாற்பதுன்னு எழுதிருச்சு." தீபா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். எழுத்து தீபாவுடையது. ஆனால் நாலு என்ற எண்ணின் தலை மூடாமல் இருந்தது. மகேஸ்வரிதான் அப்படி எழுதுவாள். அதற்குக் கீழே ஒரு வரி: அறுந்த கருகமணியைச் சேர்த்துக் கட்டுவது போல.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?" என்றாள் தீபா. அந்த வரியை அப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறவள் போலப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். மகேஸ்வரி உருட்டிக்கொண்டிருந்தாள். ஏழு, பதினாலு, இருபத்தொன்று. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி தொடங்கினாள். இருபத்தொன்றில் வந்து நின்றாள். இப்போது பதினாலும் இல்லை. நாக்கு நுனியில் இருந்து நழுவுவது போலக்கூட இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுமே, அப்படி வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. மற்ற வாய்ப்பாடு எல்லாம் அப்படியே இருந்தன. ஏழு மட்டும் வேரோடு போயிருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டு ஐந்தைந்தாக எண்ணத் தொடங்கினாள். சாயங்காலம் தீபா வந்து, அவளுடைய முதல் காய் பழமாகிவிட்டது என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது காய் பழமானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சோறு வடித்துத் தட்டு எடுத்து வைத்தாள். இரண்டு தட்டு. அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மகேஸ்வரி எதிரே உட்கார்ந்திருந்தாள். அம்மா சட்டியைக் கரண்டியால் துழாவினாள். "இவ்வளவு எதுக்கு வடிச்சேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "அம்மா" என்று கூப்பிட்டதும் திடுக்கிட்டு, "நீ இன்னும் சாப்பிடலையா?" என்று மூன்றாவது தட்டை எடுத்தாள். கோபமில்லை, மறதி. ஆனால் இரவும் இரண்டு தட்டு. திங்கட்கிழமையும் இரண்டு.

அதற்கடுத்த சனிக்கிழமை உருட்டிய பத்தியை வாங்கிப்போக சித்தம்மா வந்தாள். வாரா வாரம் வருகிறவள், வந்ததும் மகேஸ்வரியின் கன்னத்தைக் கிள்ளுகிறவள். அம்மா கிரணை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். வாசலில் மகேஸ்வரி பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தம்மா நிலைப்படியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யாரூ இல்வா மனேல?"

வீட்டில் யாருமே இல்லையா என்று அவள் கன்னடத்தில் கேட்டது மகேஸ்வரியின் தலைக்கு மேலாகப் போயிற்று. "நான் இருக்கேன் அக்கா" என்றாள். சித்தம்மா திரும்பவில்லை. மகேஸ்வரி அவள் கையைத் தொட்டாள். சித்தம்மா ஈயை விரட்டுவது போலக் கையை உதறிக்கொண்டு, பக்கத்து வீட்டில் விசாரிக்கப் போனாள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. மகேஸ்வரி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். மாவின் கருப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் தீபா வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மூணாவது காயா?" என்று கேட்டாள்.

"யார் சொன்னா? இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உள்ள போச்சு." தீபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு மகி. அதுவும் உள்சுற்றுல நிக்குது, பழத்துக்கு மூணு கட்டம்தான் பாக்கி. வர்ற சனிக்கிழமை நீ ஜெயிச்சுருவே. மிஸ் பாக்ஸ் மூடியில உன் பேரு எழுதியாச்சு."

மகேஸ்வரி அந்த ஆட்டத்தை விட்டுவிடும்படி கேட்டாள். தன் காயை எடுத்து வெளியே போட்டுவிடச் சொன்னாள். தீபாவுக்கு முகம் வாடிவிட்டது. மூன்று பேரும் தங்கள் காயைக்கூடக் கவனிக்காமல் இவளுக்காக ஆடுகிறார்களாம். மிஸ் விதிப்படி காயை எடுக்கவும் கூடாதாம். பேசிக்கொண்டே இருந்தவளின் பார்வை மெல்ல மெல்ல மகேஸ்வரியின் முகத்தை விட்டு அவளுக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போயிற்று. சிறிது நேரம் சுவரோடு பேசினாள். பிறகு பாதிப் பேச்சில் எழுந்து, யார் வீட்டுக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாதவள் போல நின்றுவிட்டுப் போனாள்.

ஏழு போயிற்று. தட்டு போயிற்று. அடுத்தவர் கண்ணும் போயிற்று. நாலாவது காயோடு போவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று மகேஸ்வரி எண்ணிப் பார்த்தாள். அவள்தான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா கிரணுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். காற்றுக்கு அசைந்த கதவைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். தெருவில் ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் நேராக அவள் மேலேயே வந்தார். அவள்தான் ஒதுங்கினாள்.

வகுப்பு வாசலில் போய் நின்றபோது மிஸ் ஹாஜரி எடுத்துக்கொண்டிருந்தார். தன் நாலு பேர் உட்காரும் மணைப்பலகையை அவள் கண் தேடியது. தீபாவும் கவின்ராஜும் மட்டும் இருந்தார்கள். பலகையில் இரண்டு இடம் காலி. ஒன்று வெறும் காலி. அங்கே தீபா தன் பையைப் போட்டிருந்தாள். இன்னொன்றில் பை வைக்கவில்லை, முழங்கை படாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பலகையின் மற்ற இடமெல்லாம் சாக்பீஸ் தூசி. அந்த ஒரு இடம் மட்டும், தினமும் யாரோ உட்கார்ந்து எழுந்தது போலப் பளபளவென்று இருந்தது.

"மகேஸ்வரி" என்றார் மிஸ்.

வாசலில் நின்றவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தீபாவும் கவின்ராஜும் பழக்கமாக அவளுக்குப் பதிலாகப் பலகையில் இரண்டு தட்டு தட்டினார்கள். மிஸ் தலை நிமிராமல், வந்ததாகப் பேனாவால் குறித்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். "யாரம்மா நீனு? ஏன் பேக்கு?" என்ன வேண்டும் என்று அன்பாகத்தான் கேட்டார், தெருவோடு போகிற பிள்ளையைக் கேட்பது போல. தீபா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம் என்று கவின்ராஜிடம் கிசுகிசுத்தாள்.

நான் மகேஸ்வரி என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அந்தப் பெயர் வாயில் ஏறவே இல்லை. அதற்குத்தான் இப்போது வேறு ஆள் இருக்கிறதே. பை கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"மனிஷா வரலையா?" என்று மட்டும் கேட்டாள். மனிஷா குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலைக்குப் போயிருப்பதாகக் கவின்ராஜ் சொன்னான். "அவளுக்குப் பதிலா நான் ஆடட்டுமா?"

மிஸ்ஸுக்கு அது பிடித்திருந்தது. வெளிப் பிள்ளை ஒருத்தி கணக்கு ஆட்டத்தைத் தேடி வந்திருக்கிறாள் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். விதியை விளக்கினார். மனிஷா எப்படி யோசிப்பாளோ அப்படி யோசிக்க வேண்டும். மகேஸ்வரி தலையாட்டினாள். மனிஷா எப்படி யோசிப்பாள் என்று அவளுக்கா தெரியாது? யோசிக்கவே மாட்டாள். கண்ணில் பட்ட காயை வெட்டுவாள்.

நோட்டைப் பார்த்துக் காய்களை வைத்தார்கள். நடுக்கட்டத்துக்குள் மூன்று கருப்புக் குச்சித் துண்டுகள். நாலாவது உள்சுற்றில், பழத்துக்கு மூன்று கட்டம் முன்னால். மனிஷாவின் பச்சை வளையல் துண்டு ஒன்று அதற்குப் பின்னால் ஒரு கட்டம் தள்ளி நின்றது. மனிஷாவும் ஓட்டி ஓட்டி இத்தனை தூரம் வந்திருந்தாள்.

மகேஸ்வரிக்காகத் தீபா சோழியை உருட்டினாள். உருட்டுவதற்கு முன் அவள் முகம் மாறியது. உதட்டைக் கடித்து, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி. எதிரே உட்கார்ந்திருந்த மகேஸ்வரிக்குக் குளிரெடுத்தது. கண்ணாடியில் பார்க்கும் தன் முகம் அது. சோழியில் இரண்டு விழுந்தது. குச்சித் துண்டு இரண்டு கட்டம் நகர்ந்து, பழத்துக்கு ஒட்டின கட்டத்தில் நின்றது. கட்டத்தின் கணக்கு ஏழு எட்டு. முதல் தட்டு விழுவதற்குள் தீபா ஐம்பத்தாறு என்றாள். தீபாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கவின்ராஜ் தன் முறையை அவசரமாக ஆடி முடித்தான். அடுத்தது மனிஷாவின் முறை. இப்போது வெட்டாவிட்டால் அடுத்த சுற்றில் ஒன்று விழுந்தால் போதும், நாலாவது பழம்.

மூன்று வேண்டும். சோழிகளை உள்ளங்கைக்குள் குலுக்கினாள். மாவு நாற்றம் அடித்தது. போட்டாள். மூன்று சோழி மல்லாந்தன, ஒன்று கவிழ்ந்தது. பச்சை வளையலை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துக் குச்சித் துண்டை இடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"கணக்கைச் சொல்லு, அப்பத்தான் வெட்டு" என்றான் கவின்ராஜ். ஒரு நிமிஷத்துக்கு முன் தீபா சொன்ன விடையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். அது காதுக்குள் நுழைந்த தடமே இல்லை. ஏழு தொட்டது எதுவும் அவளிடம் நிற்பதில்லை. கை தட்டத் தொடங்கினார்கள். ஒன்று. இரண்டு. ஏழெட்டு என்று உள்ளே தேடினாள். வழுவழுவென்ற வெறுமை. மூன்று. நாலு. பலகையின் பளபளத்த இடத்திலிருந்து யாரோ தன்னையே பார்ப்பது போலிருந்தது. ஐந்து.

ஐந்தைந்தாக எண்ணக் கற்றுக்கொண்டது அப்போது நினைவுக்கு வந்தது. எட்டுக் குச்சியாக ஐந்து கட்டு, நாற்பது. ஆறு. இன்னும் இரண்டு கட்டு. ஏழு. இரண்டு எட்டு பதினாறு. எட்டு. நாற்பதும் பதினாறும். ஒன்பது.

"ஐம்பத்தாறு."

பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். அத்தனை சத்தமாக அவள் வகுப்பில் பேசியதே இல்லை. கவின்ராஜ் குச்சித் துண்டைத் தூக்கி அதன் தொடக்கக் கட்டத்தில் வைத்தான். தீபாவின் தோள் சட்டென்று நேரானது. தூங்கி விழித்தவள் போலப் பார்த்தாள்.

"ஏ மகி! எப்ப வந்தே?"

மிஸ்ஸும் எழுந்து வந்துவிட்டார். மகேஸ்வரிதானே, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று தலையைத் தடவினார். மகேஸ்வரிக்கு அழுகை முட்டியது. அதற்குள் கவின்ராஜ் சோழிகளை அவள் கையில் திணித்தான். வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டு. அவள் யோசிக்காமல் போட்டாள். ஒன்று விழுந்தது. பச்சை வளையல் துண்டு பழத்துக்கு ஒட்டின கட்டத்தில் நிற்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"வேண்டாம், அதை நகர்த்த வேண்டாம்" என்றாள்.

"விழுந்தா ஆடணும்தானே?" என்று சொல்லிக் கவின்ராஜே அதை எடுத்து நடுக்கட்டத்துக்குள் வைத்தான். மனிஷாவுக்கு முதல் பழம் என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். வெளியே இடைவேளை மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா இரண்டு தட்டுதான் வைத்தாள். அடுத்தவர் கண்ணை மீட்டுவிட்டாலும், உள்ளே போன ஏழும் தட்டும் தானாகத் திரும்பி வராது என்று மகேஸ்வரிக்குப் புரிந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா ஒரு கணம் விழித்துவிட்டுச் சோறு போட்டாள். இனி சனிக்கிழமை காலைகளில் பள்ளிக்கூடம் போகப் போவதாகவும், அன்றைய குச்சியை வெள்ளிக்கிழமையே உருட்டி வைத்துவிடுவதாகவும் மகேஸ்வரி சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அப்பா குழம்பு ஊற்றிக்கொண்டே சரி என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் தீபா மலைப் பிரசாதம் கொண்டுவந்தாள். மனிஷா கொடுத்தனுப்பியது. வந்ததும் வராததுமாக ஒரு கதையைச் சொல்லிச் சிரித்தாள். கொள்ளேகாலத்தில் மனிஷாவின் அப்பா பஸ் டிக்கெட் வாங்கினாராம். தனக்கு, மனைவிக்கு, சின்னவளுக்கு. மனிஷாவுக்கு வாங்கவே இல்லை. கண்டக்டரும் தலையை எண்ணிவிட்டுச் சரியாக இருக்கிறது என்று போய்விட்டாராம். மலைக்குப் போய் இறங்கிய பிறகுதான், இவள் எப்படி வந்தாள் என்று அவள் அம்மா கேட்டாளாம்.

"சொந்தப் பொண்ணையே மறந்துட்டாங்க பாரு."

மகேஸ்வரி உருட்டுவதை நிறுத்தவில்லை. "சனிக்கிழமையா? எத்தனை மணிக்கு?"

"இடைவேளை நேரம் இருக்கும். ஏன்?"

பிரசாதத்தைச் சுற்றியிருந்த காகிதத்தை மகேஸ்வரி பார்த்தாள். திருநீறும் சர்க்கரையும் இருந்தன. பிரிக்காமல் பலகை ஓரமாக வைத்தாள்.

"அவளுக்கு இன்னும் மூணு காய் வெளியில இருக்கு இல்ல?"

"இருக்கு. அவதான் இனிமே வருவாளே, அவளே ஆடிக்குவா."

"ஒரு சனிக்கிழமைகூட லீவு போட வேணாம்னு சொல்லு. காய்ச்சல்னாலும் வரச் சொல்லு."

தீபா அதற்கும் சிரித்தாள். மகேஸ்வரி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை நழுவாமல் தன் மேலேயே நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. குனிந்து அடுத்த கைப்பிடிக் குச்சியை எடுத்தாள். ஏழு. ஐந்தும் இரண்டும் ஏழு. பத்தும் நாலும் பதினாலு. ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பிக்கொண்டே போனாள். தெருக்கோடியில் மனிஷா யாரையோ உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை. யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மகேஸ்வரி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். "இங்க வா மனிஷா" என்று குரல் கொடுத்தாள்.